முனை இல்லாத கரையிலிருந்து

புதுச்சேரியின் பாகூர் கொம்யூனுக்குக் கிழக்கு எல்லை கடல். நரம்பை, பனித்திட்டு, மூர்த்திக்குப்பம் என்று குப்பங்கள் அடுத்தடுத்து வருகின்றன. எங்கே நின்று பார்த்தாலும் கரை ஒரே மாதிரிதான். மணல், மணலுக்குப் பின்னால் சவுக்கும் தென்னையும், ஆற்றுமுகம் வந்தால் கொஞ்சம் சேறு. கடலுக்குள் கழுத்தை நீட்டி நிற்கிற கல் ஒன்றுகூடக் கிடையாது. தண்ணீருக்கு அடியில் கிடக்கும் கல்லுக்கு மீன்பிடிக்கிறவர்கள் ‘பார்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். மீன் அங்கே கூடும் என்பதால் அதற்குப் பெயர் வேண்டியிருந்தது. தண்ணீருக்கு மேலே துருத்தும் கல்லுக்கு இந்தக் கரையில் பெயர் தேவைப்படவே இல்லை. புதுச்சேரி நகரத்துக் கடற்கரைச் சாலையைச் சுற்றுலாக்காரர்கள் ‘ராக் பீச்’ என்கிறார்கள். அந்தக் கருங்கற்கள் கடல் அரிப்பைத் தடுக்க வெளியிலிருந்து கொண்டுவந்து கொட்டியவை.

இங்கிருந்து தெற்கே, சற்று மேற்காகச் சாய்ந்து, சுமார் 6,800 கிலோமீட்டர் போனால் அசல் பாறை முனை ஒன்று வரும். கெர்கெலன் தீவுக்கூட்டத்தின் வடமேற்கு நுனி அது. பெயர் காப் பிரான்சே, அதாவது பிரெஞ்சு முனை. இலங்கையை விட்டால் அதுவரை வழியில் கால் வைக்க நிலம் இல்லை. வில்லியனூர், பாகூர் மண்ணுக்கும் அந்தக் கல்லுக்கும் என்ன உறவு என்ற கேள்வி விசித்திரமாகப் படலாம். ஆனால் அதை ஏற்கெனவே மூன்று வகை ஆட்கள் தனித்தனியே தொட்டிருக்கிறார்கள். கப்பல் வரலாறு எழுதுகிறவர்கள், பாறை படிக்கிறவர்கள், குமரிக்கண்டம் தேடுகிறவர்கள். முதல் இரண்டு பேரும் ஒருவர் எழுதியதை மற்றவர் படிப்பதில்லை. மூன்றாமவர் இருவரையும் படிக்கிறார், தமக்கு வேண்டிய வரியை மட்டும் அடிக்கோடிட்டுக்கொண்டு. மூன்று பேர் சொல்வதையும் ஒரே மேசையில் பரப்பிப் பார்ப்பதுதான் இங்கே வேலை. என் கணிப்பை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். கல் சொல்லும் உறவு பழையது, அசைக்க முடியாதது, ஆனால் அதில் மனிதர் யாரும் இல்லை. கப்பல் சொல்லும் உறவு மெலிந்தது, ஆனால் நம் ஊர்களின் தலையெழுத்தோடு அது ஒட்டியிருக்கிறது.

முதலில் இடத்தைப் பார்த்துவிடுவோம். கெர்கெலன் தென் அட்சம் 49 பாகையை ஒட்டிய தீவுக்கூட்டம்; பெரிய தீவு ஒன்று, சுற்றிலும் சிறிதும் பெரிதுமாக முந்நூறு தீவுகள். எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 7,200 சதுர கிலோமீட்டர். உயர்ந்த சிகரம் மோன் ரோஸ், 1,850 மீட்டர். ஆண்டின் சராசரி வெப்பம் 5 டிகிரியை எட்டாது. மேற்குக் காற்று ஓய்வதில்லை. மணிக்கு 150 கிலோமீட்டர் வேகம் அங்கே செய்தியே அல்ல. நம் ஊரில் அந்த வேகத்தில் காற்று வந்தால் புயலுக்குப் பெயர் வைத்து, ஏழு நாள் தொலைக்காட்சியில் ஓட்டுவோம். மரம் ஒன்றும் இல்லை. வாசோ குடாவின் (பறவைக் குடா என்று பொருள்படும் பே த லுவாசோவின்) வடவாயிலில் காப் பிரான்சே. தென்வாயிலில் ஒரு காலத்தில் கறுத்த எரிமலைப் பாறையால் ஆன மாபெரும் இயற்கை வளைவு நின்றது. அந்தத் தீவை வரைந்த எந்தப் பழைய ஓவியரும் அதை விட்டுவைத்ததில்லை. 1908க்கும் 1913க்கும் இடையில் வளைவின் மேற்பகுதி யாரும் பார்க்காதபோது விழுந்துவிட்டது. இப்போது இரண்டு தூண்கள் மட்டும், வாசற்படி போன வீட்டின் நிலைக்கால்கள் மாதிரி நிற்கின்றன.

*

கப்பல் கதையை பிரெஞ்சு நூல்கள் ஒரு தனிமனிதனின் அகந்தைக் கதையாகச் சொல்லிவருகின்றன. இவ் ஜோசப் த கெர்கெலன் என்ற பிரெத்தோன் கடற்படை அதிகாரி ஒரு பனித்தீவைப் பார்த்துவிட்டு, பெரிய கண்டத்தையே கண்டுபிடித்தேன் என்று அரசனிடம் அளந்தான், பிடிபட்டான், சிறைக்குப் போனான். இது உண்மைதான். ஆனால் இந்தக் கதையை வில்லியனூரிலிருந்து படித்தால் அது வேறு இடத்தில் தொடங்குகிறது.

1749இல் வில்லியனூரும் பாகூரும் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தன. 1752இல் பாகூர் வெளியில் பிரெஞ்சுப் படை ஆங்கிலேயரிடம் தோற்றது. 1760இல் ஆங்கிலத் தளபதி அயர் கூட் வில்லியனூரைப் பிடித்துக்கொண்டு புதுச்சேரியின் கழுத்தை நெரித்தார். 1761 ஜனவரியில் நகரம் சரணடைந்தது. கோட்டை, மாளிகை, மதில் எல்லாம் இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டன. 1763 பாரீஸ் உடன்படிக்கைக்குப் பிறகு இடிபாடுகளைத்தான் பிரெஞ்சுக்காரர்கள் திரும்ப வாங்கினார்கள். கனடாவும் போயிற்று. 1769இல் அவர்களின் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஏகபோகமும் நின்றது. கையிலிருந்த உலகம் சுருங்கும்போது கண்டிராத உலகத்தின் மேல் ஆசை வரும். தெற்கே எங்கோ ஒரு செழித்த கண்டம் இருக்கிறது, அதைப் பிடித்தால் இழந்ததை ஈடுகட்டலாம் என்ற எண்ணம் பாரீஸில் வலுத்தது இந்தக் காலத்தில்தான்.

கெர்கெலன் 1771 மே மாதம் லோரியாங் துறையிலிருந்து புறப்பட்டபோது அவருக்குக் கொடுக்கப்பட்ட முதல் வேலை தென்கண்டம் அல்ல, இந்தியா. மொரீஷியஸிலிருந்து இந்தியக் கரைக்குச் சுருக்கமாக வர ஒரு புது வழியை கிரெனியே என்ற மாலுமி முன்மொழிந்திருந்தார். அது சரியா என்று ஓட்டிப் பார்ப்பதுதான் கெர்கெலனின் பணி. அதை முடித்த பிறகே 1772 ஜனவரியில் ‘ஃபோர்ச்சூன்’, ‘குரோ வாந்த்ர்’ என்ற இரண்டு கப்பல்களோடு தெற்கே திரும்பினார். அந்தப் பயணங்களைப் பற்றி 1782இல் அவர் அச்சிட்ட நூலின் தலைப்பிலேயே தென்கடல்களும் இந்தியக் கடல்களும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. வரலாற்றாசிரியர்கள் தலைப்பின் பின்பாதியை மறந்துவிட்டார்கள் என்பது என் குறை.

1772 பிப்ரவரி நடுவில் மூடுபனிக்குள் நிலம் தெரிந்தது. கெர்கெலன் இறங்கவில்லை. மற்றக் கப்பலின் அதிகாரி புவாகெனெக் ஒரு படகில் போய்க் கரையைத் தொட்டு, பிப்ரவரி 13 அன்று அரசன் பெயரால் உடைமை அறிவித்தார். காற்றில் பிரிந்த துணைக்கப்பலுக்காகக் காத்திராமல் கெர்கெலன் திரும்பிவிட்டார். கைவிடப்பட்ட அந்தக் கப்பலின் தலைவர் சேன்டல்வார்ன் ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரை வரை போய், அங்கேயும் ஓர் உடைமை அறிவிப்பைப் புதைத்துவிட்டு, நோயோடு மொரீஷியஸ் வந்து இறந்தார். அதற்குள் கெர்கெலன் பிரான்ஸ் போய், மரமும் மணியும் விளையும் தென் பிரான்சைக் கண்டதாக அறிவித்துப் பதவி உயர்வும் வாங்கிவிட்டார்.

பொய்க்குக் கால் இருந்தால் நடந்தே போய்த் தீவைப் பார்த்திருக்கும். அரசு அவரையே மறுபடி அனுப்பியது. 1774 ஜனவரி 6 அன்று ‘வாசோ’ கப்பலின் அதிகாரி ரோஷகூட் குடாவில் இறங்கி, ஒரு புட்டியில் சாசனம் வைத்துவிட்டு வந்தார். இந்த முறையும் கெர்கெலன் கால் படவில்லை. தம் பெயரைத் தாங்கும் தீவில் கடைசிவரை அவர் இறங்கியதே இல்லை. 1775இல் படை நீதிமன்றம் அவரைப் பதவி நீக்கிச் சிறைக்கு அனுப்பியது. குற்றச்சாட்டுகளில் கப்பலில் ஓர் இளம்பெண்ணை ஒளித்துக் கூட்டிப்போனதும் அடக்கம்.

1776 கிறிஸ்துமஸ் அன்று காப்டன் குக்கின் இரண்டு கப்பல்கள் அதே குடாவில் நங்கூரம் போட்டன. அவர் ஆட்களில் ஒருவர் வடகரைப் பாறை ஒன்றில் கம்பியால் கட்டித் தொங்கவிடப்பட்டிருந்த புட்டியைக் கண்டெடுத்தார். உள்ளே ஒரு தோல் சீட்டு; அதில் லத்தீனில் பதினைந்தாம் லூயியின் பெயர். குக் அதே தோலின் மறுபக்கத்தில் தம் கப்பல்களின் பெயரை எழுதி, ஒரு வெள்ளிக் காசையும் போட்டுத் திரும்ப வைத்தார். ஒரே சீட்டின் இருபுறமும் இரண்டு அரசுகள். புதுச்சேரிக்காரர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல; 1761க்கும் 1816க்கும் இடையில் இந்த ஊர் எத்தனை தடவை கைமாறியது என்று பள்ளிக்கூடப் பிள்ளைகள் எண்ணிக்கொண்டிருப்பார்கள். அந்த இடத்தை வெறுமைத் தீவு என்று அழைக்கலாம், ஆனால் கெர்கெலனின் பெயரைப் பறிக்க மனமில்லை என்று குக் குறித்தார். வரைபடத்தில் அவர் செய்த ஒரே கருணை அது.

1783 வெர்சாய் உடன்படிக்கையில் புதுச்சேரியைச் சுற்றிய நிலமாக வில்லியனூர், பாகூர் பகுதிகளைப் பிரான்சுக்குப் பெற்றுத்தர பிரிட்டன் ஒப்புக்கொண்டது. இழந்த பேரரசுக்கு ஈடாகத் தென்கண்டம் கிடைக்கவில்லை. இரண்டு நெல் விளையும் பகுதிகள் மிஞ்சின. பாகூர் ஏரியும் தென்பெண்ணைப் பாசனமும் கெர்கெலனின் கனவுக் கண்டத்தைவிட அதிக வரி கொடுத்தன என்பதைச் சொல்ல ஆவணக் காப்பகத்துக்குப் போகவேண்டியதில்லை. மறுபக்கம் விளைச்சலே இல்லை.

*

இதே ஆண்டுகளில் புதுச்சேரிக்கு வந்துபோன இரண்டு பிரெஞ்சுக்காரர்களை இந்தக் கணக்கில் சேர்க்காமல் விட மனம் வரவில்லை.

ஒருவர் வானியலாளர் லெ ஜென்ட்டில். வெள்ளிக்கோள் சூரியனைக் கடப்பதைப் பார்த்துச் சூரியனின் தூரத்தைக் கணக்கிட 1760இல் கிளம்பினார். 1761இல் புதுச்சேரியை ஆங்கிலேயர் பிடித்துவிட்ட செய்தி கடலிலேயே கிடைத்து, கப்பல் திரும்பியது. ஆடுகிற தளத்திலிருந்து பார்த்த பார்வை பயன்படவில்லை. எட்டு ஆண்டு காத்திருந்து, இடிந்த கோட்டைக்குள் ஓர் ஆய்வுக்கூடம் கட்டி, மதராஸ் ஆங்கிலேயர் கடன் கொடுத்த தொலைநோக்கியோடு 1769 ஜூன் 4 விடியலுக்கு உட்கார்ந்தார். அதுவரை தெளிவாக இருந்த வானம் அந்தக் காலையில் மூடிக்கொண்டது. காத்திருந்த நாட்களில் உள்ளூர்த் தமிழரிடம் சோழி வைத்துக் கிரகணம் கணிக்கும் முறையைக் கற்று எழுதி வைத்தார். அவர் கொண்டுபோனதில் உருப்படியானது அதுதான் என்று சொல்வேன். அடுத்த கடப்பு 1874 டிசம்பரில். அப்போது ஆங்கிலேயர், ஜெர்மானியர், அமெரிக்கர் மூவரும் கெர்கெலனில் கூடாரம் அடித்தார்கள். பிரெஞ்சுக்காரர்கள் இன்னும் வடக்கே செயின்ட் பால் என்ற எரிமலைத் திட்டுக்குப் போனார்கள். மேகமே குடியிருக்கும் அந்தத் தீவுகளில் மேகம் வழிவிட்டது. வெயிலுக்குப் பேர்போன புதுச்சேரியில் விடவில்லை.

அந்த 1874 கூட்டம் போகும்போது முயல்களை விட்டுப்போனது. கெர்கெலனில் ஒரு முட்டைக்கோசு வகை உண்டு. கப்பல்காரர்களின் ஈறு அழுகும் ஸ்கர்வி நோய்க்கு மருந்தாக இருந்த செடி. காற்று அடித்துத் தள்ளும் இடம் என்பதால் அதன் இலைகளில் வாழும் ஈக்கு இறக்கையே இல்லாமல் போய்விட்டது. முயல்கள் பெருகி அந்தக் கோசுச் செடியைப் பல பகுதிகளில் வழித்துத் தின்றுவிட்டன. 1840இல் அங்கே போய் அந்தச் செடியை விரிவாக விவரித்த ஜோசப் ஹூக்கர்தான் பின்னால் இந்தியத் தாவரங்கள் பற்றிய ஏழு தொகுதி நூலை வெளிக்கொணர்ந்தவர். இங்கே சீமைக்கருவேல் எப்படி வந்தது என்று பார்த்திருக்கிற பாகூர் உழவருக்கு அந்த முயல் கதையை விளக்கவேண்டியதில்லை.

இன்னொருவர் பியேர் சோனரா. புதுச்சேரியில் நெடுங்காலம் வாழ்ந்தவர், படம் வரைபவர், பொருள் சேர்ப்பவர், உண்மையை அவ்வப்போது மட்டும் பேசுபவர். 1776இல் நியூகினி பயணம் என்று ஒரு நூல் போட்டார். அதில் பெங்குவின் படங்கள் இருந்தன. நியூகினியில் பெங்குவின் கிடையாது. அவை தெற்கேயிருந்து வேறு கைகள் வழியாக அவரிடம் வந்த பறவைகள். அந்தப் புத்தகத்தை நம்பி ஒரு வகைக்கு ‘பப்புவா’ என்று அறிவியல் பெயர் வைத்தார்கள். தவறு தெரிந்தும் விதிப்படி மாற்றமுடியவில்லை. கெர்கெலனில் கூட்டங்கூட்டமாக இருக்கும் அந்தப் பறவையின் ஆங்கிலப் பெயர் ஜென்டூ. அதே சொல்லை மதராஸ் ஆங்கிலத்தில் இந்துக்களுக்கும், குறிப்பாகத் தெலுங்கருக்கும் வழங்கினார்கள். பறவைக்கு அது ஏன் ஒட்டியது என்பதில் ஒத்த கருத்து இல்லை. தலையிலுள்ள வெள்ளைப் பட்டை தலைப்பாகை போலிருப்பதால் என்கிறார்கள். எனக்கு நம்பிக்கை அரைகுறைதான். ஆனால் கெர்கெலன் பாறையில் நிற்கிற ஒரு பறவை நியூகினியின் பெயரையும் சோழமண்டலத்தின் பெயரையும் சேர்த்துச் சுமக்கிறது என்பதில் சந்தேகமில்லை.

சோனரா பொய் சொல்லாத இடமும் உண்டு. வில்லியனூருக்கு வடமேற்கே, மாநில எல்லைக்கு அப்பால், திருவக்கரையில் மரங்கள் கல்லாகிக் கிடப்பதை 1781இல் அவர்தான் ஐரோப்பியர்களுக்குத் தெரிவித்தார் என்று இந்திய நிலவியல் ஆய்வுத்துறை குறிப்பிடுகிறது. சுமார் 2 கோடி ஆண்டு வயது சொல்லப்படும் அடிமரங்கள் அவை. வேரும் கிளையும் இல்லை. வேறெங்கோ வளர்ந்து, வெள்ளத்தில் உருண்டு வந்து, மணலில் புதைந்து கல்லானவை. ஊரார் கணக்கு வேறு. வக்கிராசுரனைக் கொன்றபோது சிதறிய எலும்புகள் அவை. 1840இல் கெர்கெலன் வளைவுப் பாறையை ஒட்டி எரிமலைக் குழம்புப் பாறைக்குள் கல்லாகிப்போன பெரிய அடிமரத்தை ராஸ் தலைமையிலான பிரிட்டிஷ் பயணக்குழுவின் மருத்துவர் மெக்கார்மிக் கண்டார். மரமே முளைக்காத தீவில் மரம்! அங்கே அசுரன் கதை சொல்ல ஆள் இல்லாததால் காலநிலை மாறியிருக்கவேண்டும் என்ற முடிவுக்கு வந்தார்கள். அராகேரியா இனத்தைச் சேர்ந்த ஊசியிலை மரங்கள் ஒரு காலத்தில் அங்கே காடாக நின்றன.

*

இங்கிருந்து கல்லின் கதை தொடங்குகிறது. இதில்தான் உறவு கெட்டிப்படுகிறது. குழப்பமும் இதில்தான் அதிகம்.

சுமார் 13 கோடி ஆண்டுகளுக்கு முன்பு வரை நம் கிழக்குக் கரை கரையே அல்ல. அதன் மறுபக்கம் அண்டார்க்டிகா ஒட்டியிருந்தது. பிளவு விழுந்து இந்தியா வடக்கே நகரத் தொடங்கியபோது, பூமியின் ஆழத்திலிருந்து சூடான குழம்பு மேலெழும் ஓர் ஊற்று அந்தப் பிளவை ஒட்டிப் பொங்கியது. கெர்கெலன் ஊற்று என்று அதற்கு இன்று பெயர். 11.8 கோடி ஆண்டுகளுக்கு முன் அது கக்கியதுதான் பீகார், ஜார்க்கண்ட் எல்லையிலுள்ள ராஜ்மகால் குன்றுகளின் எரிமலைப் பாறை என்பது பெரும்பாலோர் ஏற்கும் கருத்து. இந்தியா நகர நகர, ஊற்று கடல்தரையில் ஒரு தழும்பை இழுத்துக்கொண்டே வந்தது. வங்காள விரிகுடாவின் வண்டலுக்கடியில் தொடங்கித் தெற்கே சுமார் 5,000 கிலோமீட்டர் நேர்கோடாக ஓடும் தொண்ணூறு பாகைத் தொடர்தான் அந்தத் தழும்பு. மறுமுனையில் பத்து லட்சம் சதுர கிலோமீட்டருக்கு மேல் விரிந்த கெர்கெலன் பீடபூமி, பெரும்பகுதி கடலுக்கடியில். தண்ணீருக்கு மேல் எட்டிப் பார்க்கிற துண்டுதான் நம் காப் பிரான்சே நிற்கிற தீவு.

இதுவரையில் உறவு ஒரே ஊற்றுத் தண்ணீர் குடித்த இரண்டு ஊர்களின் உறவு மாதிரி. 1998 டிசம்பரிலிருந்து 1999 பிப்ரவரி வரை கடல்துளைப்புக் கப்பல் ஒன்று பீடபூமியில் துளை போட்டபோது கதை மாறியது. பீடபூமியின் மேற்கே நீட்டிக்கொண்டிருக்கும் எலான் திட்டில், எரிமலைப் பாறைகளுக்கு நடுவே, ஆற்றில் உருண்ட கூழாங்கற்கள் வந்தன. அவற்றில் கார்னெட் கலந்த நைஸ் பாறைத் துண்டுகள் இருந்தன. நைஸ் கடல்தரையில் உருவாகும் பாறை அல்ல, கண்டத்தின் எலும்பு. வயதையும் வேதியியலையும் பார்த்தவர்கள் கிழக்குத் தொடர்ச்சி மலைப் பாறைகளோடு அது பொருந்துகிறது என்றார்கள். அதாவது எலான் திட்டு இந்தியாவின் கிழக்கு விளிம்பிலிருந்து பிய்ந்து போன துண்டு. அது பிய்ந்த இடம் நம் காவிரிப் பக்கம் அல்ல, இன்னும் வடக்கே ஆந்திர, ஒடிசாக் கரைப் பக்கம் என்று பெரும்பாலான மறுகட்டமைப்பு வரைபடங்கள் காட்டுகின்றன. அப்படிப்பட்ட இந்தியப் பெருங்கடல் துளைக்கற்களைச் சேமித்து வைத்திருக்கும் இடம் கோச்சி என்று படித்ததும் மகிழ்ந்துபோனேன். நம் கொச்சி இல்லை, ஜப்பானின் கோச்சி.

குமரிக்கண்டத்துக்காரர்கள் நுழைவது இந்த இடத்தில். 1999இல் அந்தத் துளைப்பைப் பற்றி உலகப் பத்திரிகைகள் ‘கடலில் மூழ்கிய கண்டம்’ என்று எழுதின. பீடபூமியின் பகுதிகள் ஒரு காலத்தில் கடலுக்கு மேல் இருந்தன, அங்கே காடு இருந்தது, கரித்துண்டும் மகரந்தமும் கிடைத்தன என்பதெல்லாம் நிஜம். இதை எடுத்துக்கொண்டு, இதோ கடல்கோள் கொண்ட நம் நாடு என்று மேடையில் பேசியதை நானே கேட்டிருக்கிறேன். பேச்சு உருக்கமாகத்தான் இருந்தது. ஆனால் மூழ்கிய கணக்கு கோடி ஆண்டில் ஓடுகிறது. மனிதக் கணக்கு மூன்று லட்சம் ஆண்டில் நின்றுவிடுகிறது. தமிழ் பேச அங்கே வாயே பிறக்கவில்லை. 1864இல் ஸ்கிளேட்டர் என்ற விலங்கியலாளர் லெமூர்க் குரங்குகளின் பரவலை விளக்க ‘லெமூரியா’வைக் கற்பனை செய்தார், கண்டங்கள் நகரும் என்று தெரிந்ததும் அந்தக் கற்பனைக்குத் தேவை போய்விட்டது. கெர்கெலன் பீடபூமியால் அதற்கு உயிர் கொடுக்க முடியாது. சங்க நூல்களும் உரைகளும் சொல்லும் கடல்கோள் நினைவைக் கரையோர ஊர்கள் விழுங்கப்பட்ட அனுபவத்தில் தேடுவதுதான் நியாயம். 2004 டிசம்பர் 26 காலையைப் பார்த்த நரம்பை, பனித்திட்டு ஆட்களுக்கு அதற்கு 13 கோடி ஆண்டு பின்னால் போகவேண்டாம்.

கல் உறவுக்கு வில்லியனூர் கொம்யூனிலேயே நல்ல சாட்சி இருக்கிறது. அதைப் பற்றிப் பேச ஆள்தான் குறைவு. கரசூர், சேதராப்பட்டு, துத்திப்பட்டு. இன்று சேதராப்பட்டு என்றால் தொழிற்பேட்டை நினைவுக்கு வரும். நிலவியலாளருக்கு இந்த மூன்று பெயரும், பக்கத்து வழுதாவூரும், 7 கோடி ஆண்டுக்கு முந்தைய கடலின் முகவரி. கரசூர் போன்ற பெயர்கள் பாறை அடுக்குகளின் அதிகாரப் பெயர்களாகவே புத்தகத்தில் ஏறிவிட்டன. 1840களில் கே, கன்லிஃப் என்ற இரண்டு மதராஸ் அதிகாரிகள் இந்தப் பகுதியில் பொறுக்கிய சுருள் கிளிஞ்சல் புதைபடிவங்களை, அம்மோனைட்டுகளை, 1846இல் லண்டனில் எட்வர்ட் ஃபோர்ப்ஸ் விவரித்து வெளியிட்டார். பெயர் வைக்கும்போது அவருக்கு ஒரு குறும்பு தோன்றியது. இந்திரா, வருணா, பிரம்மா, சூரியா என்று தேவர்களை வரிசையாக இறக்கினார். அதே காலத்தில் பாரீஸில் தொல்லுயிரியலாளர் தோர்பிஞி வெளியிட்ட புதுச்சேரிப் புதைபடிவப் படங்கள் எந்த நூலில் வந்தன தெரியுமா? தூமோன் தூர்வில்லின் தென்துருவப் பயணத் தொகுப்பில். துருவப் பனியில் போன கப்பல்களின் நூலுக்குள் நம்மூர்க் கிளிஞ்சல். நூலகர்கள் எப்படி அடுக்குவார்களோ!

ஆனால் அந்த வைப்பு தற்செயலாகவே சரியாகிவிட்டது. ஃபோர்ப்ஸ் வருணன் பெயர் வைத்த அம்மோனைட் பின்னாளில் அண்டார்க்டிகத் தீபகற்பத்தின் சீமோர் தீவில் கிடைத்தது. அங்குள்ள கடைசி டைனோசர் காலப் பாறை அடுக்கு ஒன்றையே அதன் பெயரால் அடையாளம் காண்கிறார்கள். இந்தியா பிரிந்து போய்விட்ட பிறகும் இடையில் ஒரே கடல் என்பதால் அந்த உயிர் இரு கரையிலும் நீந்தியது. குமரிக்கண்டத்தைவிட எனக்கு இந்த வருணன் மேல்தான் நம்பிக்கை; அவனைக் கையில் எடுத்துப் பார்க்கலாம். எடுத்துப் பார்க்கும் வாய்ப்புதான் குறைந்துகொண்டு வருகிறது. மனையும் ஆலையும் ஏறிய நிலத்தில் கிணறு தோண்டும்போது வெளிவரும் சுண்ணாம்புக் கல்லைப் பார்த்து நிற்பவர் யார்? திருவக்கரைக்கு வேலி போட்டதுபோல் கரசூர்ப் பக்கத்தில் ஒரு துண்டு நிலத்துக்காவது போட்டிருக்கலாம்.

இந்திய அரசும் இந்தத் தெற்கு உறவைத் தன் வழியில் தேடுகிறது. 2004 முதல் தென்பெருங்கடலுக்கு ஆய்வுப் பயணங்கள் போகின்றன. 2012இல் அண்டார்க்டிகாவின் லார்ஸ்மன் குன்றுகளில், கிழக்குத் தீர்க்கம் 76 பாகையில், ‘பாரதி’ நிலையம் திறந்தது. அதுவும் கடலுக்குள் நீட்டிய பாறை முனைதான். கிழக்குத் தொடர்ச்சி மலையின் மறுபாதியை அங்கே படிக்கலாம் என்பது அந்த இடத்துக்கு ஒரு கூடுதல் ஈர்ப்பு. கெர்கெலன் அங்கே போகும் பாதி வழியைத் தாண்டி, சற்று மேற்கே கிடக்கிறது.

*

கடைசியாக, யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி.

பிரான்ஸ் கெர்கெலனை 1893இல்தான் முறையாக மறுபடி இணைத்துக்கொண்டது. நடுவில் சீல் வேட்டைக்காரரும் திமிங்கில வேட்டைக்காரரும்தான் அங்கே ராஜா. ஆடு வளர்க்கலாம் என்று போன போசியேர் சகோதரர்கள் கைப்பொருள் கரைந்து திரும்பினார்கள். 1940 டிசம்பரில் ‘அட்லாண்டிஸ்’ என்ற ஜெர்மன் போர்க்கப்பல் அங்கே ஒளிந்து பழுது பார்த்துக்கொண்டதும் பிரெஞ்சு அரசுக்கு உறைத்தது. 1950 தொடக்கத்தில் போர்-ஓ-பிரான்சே என்ற நிரந்தர நிலையம் கட்டத் தொடங்கினார்கள்.

தேதிகளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் இதன் சுவை தெரியும். 1949 ஜூனில் சந்திரநாகூர் இந்தியாவோடு சேர வாக்களித்துவிட்டது. 1954 அக்டோபர் 18 அன்று வில்லியனூர் கொம்யூனிலுள்ள கீழூரில், சட்டமன்ற உறுப்பினர்களும் நகரசபைப் பிரதிநிதிகளுமாக 178 பேர் வாக்களித்தார்கள். 170 பேர் இந்தியாவோடு, 8 பேர் எதிராக. நவம்பர் 1 அன்று ஆட்சி கைமாறியது. ஒன்பது மாதம் கழித்து, 1955 ஆகஸ்ட் 6 அன்று, பாரீஸ் ஒரு சட்டம் இயற்றிக் கெர்கெலனையும் பக்கத்துத் தீவுகளையும் மடகாஸ்கர் நிர்வாகத்திலிருந்து பிரித்து ‘பிரெஞ்சுத் தென்னக, அண்டார்க்டிக நிலங்கள்’ என்று தனி ஆட்சிப்பகுதி ஆக்கியது. மடகாஸ்கரும் கையை விட்டுப் போகும் என்ற முன்யோசனை அதில் இருந்திருக்கும் என்பது என் ஊகம். 1960இல் அது போகவும் செய்தது. பதினெட்டாம் நூற்றாண்டில் நடந்ததே இருபதாம் நூற்றாண்டிலும் நடந்தது என்று சொன்னால் மிகையாகிவிடும். இந்தோசீனாவும் அல்ஜீரியாவும் பாரீஸின் தூக்கத்தைக் கெடுத்த அளவுக்குப் புதுச்சேரி கெடுக்கவில்லை. ஆனாலும் ஆள் இருக்கிற நிலம் குறையும்போது ஆள் இல்லாத நிலத்தின் மேல் பிடி இறுகியது என்பதைத் தேதிகள் மறைக்கவில்லை. கீழூரில் கேட்க 178 பேர் இருந்தார்கள். காப் பிரான்சேயில் கேட்க யாரும் இல்லை. அந்த நிலத்தின் வசதியே அதுதான். 1978இல் அறிவித்த பொருளாதாரக் கடல்வலயத்தால் அந்தப் பாறைகளைச் சுற்றி ஐந்தரை லட்சம் சதுர கிலோமீட்டருக்கு மேல் கடல் பிரான்சுக்கு உரியதாயிற்று. 2019இல் யுனெஸ்கோ அவற்றை உலக மரபுச் சொத்தாக ஏற்றது.

அந்த ஆட்சிப்பகுதியின் தலைமை அலுவலகம் ரீயூனியன் தீவின் தெற்கே செயின்ட் பியேர் நகரத்தில் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் புதுச்சேரி, காரைக்கால் துறைகளிலிருந்து கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேற்றப்பட்ட தமிழரின் சந்ததியார் அந்தத் தீவில் ‘மலபார்’ என்று அழைக்கப்படுகிறார்கள். பாறை முனைக்குக் கோப்பு எழுதப்படும் அதே ஊரில் அவர்களுடைய நரசிங்கப் பெருமாள் கோயில் வண்ணக் கோபுரத்தோடு நிற்கிறது. அதே தீவின் துறைமுகத்திலிருந்து ஆண்டுக்கு நாலு தடவை ‘மாரியோன் தூஃப்ரேன்’ என்ற கப்பல் எண்ணெயும் அரிசியும் தபாலும் ஏற்றிக்கொண்டு கெர்கெலனுக்குப் புறப்படுகிறது.